முதல்முறை சைக்கோசிஸ்: எந்த மருந்து நல்லது?

பையனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார் என்கிறான். செல்போனைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். எப்படியோ சமாதானம் செய்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். அவர் நெடுநேரம் பேசிப் பார்த்துவிட்டு, சில பரிசோதனைகளும் ஒரு மாத்திரையும் எழுதித் தருகிறார். வெளியே வந்ததும் வீட்டார் முதலில் செய்வது, அந்த மாத்திரையின் பெயரை இணையத்தில் தட்டிப் பார்ப்பது. இருப்பதிலேயே நல்லது இதுதானா, இதைவிட நல்லது வேறு உண்டா?

நியாயமான கேள்விதான். ஆனால் எதில் நல்லது என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். இந்த மருந்துகளை ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. நோயின் அறிகுறிகளைக் குறைப்பதில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் சின்னதுதான். உடம்பை என்ன பாடு படுத்துகின்றன என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். குளோசபின் என்ற மருந்து மட்டும் தனிக்கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சைக்கோசிஸ் என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் இருக்கும் கோடு அழிந்துபோகும் நிலை அது. யாரும் பேசாமலே குரல் கேட்கும். ஆதாரமே இல்லாத ஒன்றை, யார் என்ன சொன்னாலும் அசையாமல் நம்பத் தோன்றும். பேச்சு கோவை இழக்கும். பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலிருந்து இருபதுகளுக்குள் தொடங்கும். ஒருமுறை வந்துவிட்டதாலேயே அது ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று முத்திரை குத்திவிட முடியாது. பைபோலார் நோயில் வரலாம், கடுமையான மனச்சோர்வில் வரலாம், கஞ்சாவோ ஆம்பெட்டமைனோ காரணமாக இருக்கலாம், அரிதாக மூளை அழற்சியாலும் வரலாம். மனசுக்குத்தானே மருந்து, ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதற்காகத்தான்.

இனி மருந்து. ஆன்டிசைக்கோடிக் என்று அழைக்கப்படும் இந்த வகையில் முதலாவது குளோர்புரோமசின். 1952-இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்து 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. இவை பழைய தலைமுறை. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குவெட்டியபின், அமிசல்பிரைடு, சிப்ராசிடோன், அரிபிப்ரசோல் எல்லாம் புதிய தலைமுறை என்ற கணக்கில் வரும். பழையது மோசம், புதியது உசத்தி என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். இந்தத் தலைமுறைப் பிரிவு விளம்பரத்துக்கு உதவிய அளவுக்குச் சிகிச்சைக்கு உதவவில்லை என்பது என் எண்ணம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: டோபமின் என்ற மூளை ரசாயனம் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகள் என்ற இடங்களில் போய் உட்காருவது. படிக்கும்போது முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடுவோமே, அந்தப் பென்சில் மாதிரிதான் டோபமின். ‘இதைக் கவனி, இதில் விஷயம் இருக்கிறது’ என்று மூளைக்குச் சுட்டிக்காட்டும். சைக்கோசிஸில் அந்தப் பென்சில் கட்டுப்பாடில்லாமல் ஓடுகிறது. தெருவில் ஒருவர் இருமினால் அதற்கும் அடிக்கோடு, டிவியில் வரும் செய்தி வாசிப்பாளரின் பார்வைக்கும் அடிக்கோடு. எல்லாமே அர்த்தமுள்ளதாகத் தெரியும்போது அவற்றையெல்லாம் கோத்து ஒரு கதை பண்ணாமல் மனசால் இருக்க முடியாது. மருந்து பென்சிலின் வேகத்தைக் குறைக்கிறது. ஏற்கெனவே போட்ட கோடுகளை அது அழிப்பதில்லை. அதனால்தான் படபடப்பும் தூக்கமின்மையும் சில நாட்களிலேயே குறைய, ‘அவர் என்னைப் பற்றித்தான் பேசினார்’ என்ற நம்பிக்கை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்கிறது.

டோபமினுக்கு மூளையில் வேறு வேலைகளும் உண்டு என்பதுதான் சிக்கல். கைகால் அசைவைச் சீராக வைப்பதும் அதுதான். புரோலாக்டின் என்ற ஹார்மோனை அடக்கி வைப்பதும் அதுதான். ஓரிடத்தில் தடுக்கப் போய் இன்னோரிடத்திலும் தடுத்துவிடுகிறோம். முதல்முறை நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 65 சதவீத ஏற்பிகளை மருந்து பிடித்ததும் பலருக்கு நோய் குறையத் தொடங்கியது. 72 சதவீதம் வாக்கில் புரோலாக்டின் ஏறியது. 78 சதவீதத்தைத் தாண்டினால் உடல் விறைப்பு வந்தது. மருந்து வேலை செய்வதற்கும் தொல்லை கொடுப்பதற்கும் நடுவில் இருக்கும் சந்து அவ்வளவு குறுகலானது. முதல்முறை வருபவர்களுக்குக் குறைந்த டோஸில் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது பயத்தால் அல்ல. அவர்களுக்குக் குறைந்த அளவே பலன் தரும், பக்கவிளைவும் அவர்களுக்குச் சட்டென்று வந்துவிடும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். முதல்முறை நோயாளிகளிடம் நடந்த ஒப்பீடுகளில் அடிக்கடி பேசப்படுவது யூஃபெஸ்ட் என்ற ஆய்வு. முடிவுகள் 2008-இல் வெளியாயின. ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலுமாக 14 நாடுகள், 498 பேர். குறைந்த டோஸ் ஹாலோபெரிடால், அமிசல்பிரைடு, ஓலான்சபின், குவெட்டியபின், சிப்ராசிடோன் என ஐந்து மருந்துகளில் ஒன்று, குலுக்கல் முறையில். ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் தங்களுக்குத் தரப்பட்ட மருந்தை ஏதாவதொரு காரணத்தால் நிறுத்தினார்கள் என்று எண்ணினார்கள். ஹாலோபெரிடால் 72 சதவீதம், குவெட்டியபின் 53, சிப்ராசிடோன் 45, அமிசல்பிரைடு 40, ஓலான்சபின் 33.

இதை மட்டும் படித்தவர் ஓலான்சபின்தான் ஜெயித்தது என்று எழுந்து போய்விடுவார். கொஞ்சம் உட்காருங்கள். அதே ஆய்வில், நோயின் அறிகுறிகள் எவ்வளவு குறைந்தன என்றும் அளந்தார்கள். ஐந்து குழுக்களிலும் சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது, நோய் குறைந்த அளவு ஏறக்குறைய ஒன்றே. மாத்திரையைத் தொடர்ந்து போட்டவர்களின் எண்ணிக்கைதான் வேறு. இன்னொன்றும் உண்டு: யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். ‘இது பழைய மருந்தாச்சே, சரிப்படாது’ என்ற எண்ணம் முன்கூட்டியே இருந்தால், ஹாலோபெரிடாலை நிறுத்த ஒரு சாக்கு போதும். அந்த 72-இல் மருந்தின் பங்கு எவ்வளவு, எண்ணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் எடை. அதே யூஃபெஸ்டில் ஒரு வருட முடிவில் ஓலான்சபின் குழு சராசரியாக ஏறக்குறைய 14 கிலோ கூடியிருந்தது. சிப்ராசிடோன் குழு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை ஏற்றாது என்று பெயரெடுத்த ஹாலோபெரிடாலிலேயே 7 கிலோ. ஒல்லியான இருபது வயதுக்காரருக்கு 14 கிலோ என்றால் இருக்கிற பேன்ட் ஒன்றும் இடுப்பில் ஏறாது. கண்ணாடியில் வேறு ஆள் தெரிவார். மருந்தைத் தொடர்ந்து போடவைத்த அதே ஓலான்சபின்தான் சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக்கும் வழி போட்டுக் கொடுக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த ‘போர்ட்’ சிகிச்சைப் பரிந்துரைகள், முதல்முறை நோயாளிகளுக்கு எடுத்த எடுப்பில் ஓலான்சபினும் குளோசபினும் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இந்தப் பக்கவிளைவுகள்தான். பலனில் குறை கண்டு அல்ல.

மருந்து ஒப்பீடுகளைப் படிக்கும்போது பணம் யாருடையது என்றும் பாருங்கள். புதிய தலைமுறை மருந்துகளை நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகளை 2006-இல் ஒரு குழு எடுத்து அலசியது. மருந்து நிறுவனங்கள் செலவு செய்த ஆய்வுகளில் 90 சதவீதத்தில், செலவு செய்த நிறுவனத்தின் மருந்தே மேல் என்று முடிவு வந்திருந்தது. ‘அ’ மருந்து ‘ஆ’வை ஜெயிக்கிறது, ‘ஆ’ மருந்து ‘இ’யை ஜெயிக்கிறது, ‘இ’ மருந்து ‘அ’வை ஜெயிக்கிறது. பொய்க்கணக்கு எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. எதிராளி மருந்தை அதிக டோஸில் கொடுத்தாலே போதும், அதற்குப் பக்கவிளைவு கூடிவிடும். புதிய மருந்துகளைப் பழைய ஹாலோபெரிடாலோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளின் மீது இந்தக் குறை சொல்லப்பட்டது.

யாரிடம் ஆய்வு நடந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 2005-இல் வெளியான கேட்டீ ஆய்வு 1,493 பேரை வைத்து நடந்தது. 18 மாதங்களுக்குள் 74 சதவீதம் பேர் முதலில் கிடைத்த மருந்தை விட்டிருந்தார்கள். பெர்ஃபெனசின் என்ற பழைய மருந்து, பல புதிய மருந்துகளுக்குச் சளைக்காமல் நின்றது. முக்கியமான ஆய்வுதான், ஆனால் அதில் இருந்தவர்கள் பல வருடங்களாக நோயோடு வாழ்ந்தவர்கள். போன மாதம்தான் முதல் மாத்திரை போட்ட ஒருவருக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.

பக்கவிளைவுகளில் இரண்டைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். இரண்டையும் வீட்டார் நோயென்றே நினைத்துவிடுகிறார்கள்.

முதலாவது தசை இறுக்கம். மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் வரும். இளம் ஆண்களுக்கு அதிகம், ஹாலோபெரிடால் போன்றவற்றில் அதிகம். சாப்பிட உட்கார்ந்தவருக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கண்விழிகள் மேலே சொருகிக்கொள்ளும், இறக்க முடியாது. தாடை இறுகி, நாக்கு தடித்து, பேச்சு குழறும். நினைவு முழுக்கத் தெளிவாக இருக்கும், அதுதான் கொடுமை. பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள், பேய் பிடித்தது என்றும் சொல்வார்கள். உடனே மருத்துவமனைக்குப் போனால் ட்ரைஹெக்சிஃபெனிடில், புரோமெத்தசின் போன்ற மாற்று மருந்து கொடுப்பார்கள். ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். இப்படி வரக்கூடும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் பாதி பயந்திருக்காது. ஒருமுறை இப்படி ஆனவர், இந்த மாத்திரைகள் எதையுமே தொடமாட்டேன் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது இருப்புக்கொள்ளாமை. மருத்துவத்தில் அகதீசியா என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது, எழுந்து நடப்பார், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பார், படுத்தால் எழத் தோன்றும். உள்ளுக்குள் ஏதோ அரிக்கிற மாதிரி இருக்கிறது என்பார். ‘நோய் முற்றிவிட்டது, ஒரே பதற்றமாக இருக்கிறான்’ என்று வீட்டார் போய்ச் சொன்னால், மருத்துவரும் கவனிக்காமல் விட்டால், டோஸ் கூடும். டோஸ் கூடினால் இருப்புக்கொள்ளாமையும் கூடும். ஹாலோபெரிடாலில் வரும், உடல் எடைக்கு நல்லது என்று தேர்ந்தெடுக்கப்படும் அரிபிப்ரசோலிலும் வரும். கண்டுகொண்டால் டோஸைக் குறைத்தோ வேறு மாத்திரை சேர்த்தோ சரிசெய்யலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் சிலருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்வரை கொண்டுபோகும். உட்கார முடியவில்லை என்று அவர் சொன்னால், மாத்திரை தொடங்கியதற்கு முன்பா, பின்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் புரோலாக்டினை அதிகம் ஏற்றும். மாதவிடாய் நின்றுபோகலாம், மார்பில் பால் கசியலாம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாலுறவில் நாட்டம் குறையலாம். கூச்சத்தால் யாரும் வாய் திறப்பதில்லை. சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அரிபிப்ரசோல் டோபமினை முழுக்க அடைக்காமல் பாதி திறந்துவிடுவதால் இந்தத் தொல்லை அதில் மிகக் குறைவு. குவெட்டியபின் தூக்கத்தைத் தூண்டும், எடையும் ஏற்றும். சிப்ராசிடோன் எடைக்கு நல்லது, ஆனால் இதயத்துடிப்பின் மின்லயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். வருடக்கணக்கில் போடும்போது வாயும் நாக்கும் தானாக மென்றுகொண்டே இருக்கும் டார்டிவ் டிஸ்கினீசியா, பழைய மருந்துகளில் அதிகம். அப்புறம், எந்த மருந்திலும் மிக அரிதாக ஒரு ஆபத்து உண்டு: கடும் காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பது, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவு.

ஆகவே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நோயாளி எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்ற கேள்வியைச் சுற்றியே கணக்குப் போடுகிறார். குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டென்றால் ஓலான்சபின் பின்னால் போகும். கையால் நுணுக்க வேலை செய்பவருக்கு விறைப்பு ஆகாது. இரவு நேர வேலைக்காரருக்கு மயக்கம் ஆகாது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு முதல் மருந்து இதுதான் என்று எதையும் சுட்டுவதில்லை. பக்கவிளைவுகளை விளக்கி, நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்கச் சொல்கிறது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, முதல் ஆறு வாரமும் வாரம் ஒருமுறை எடை பார்க்கவும் சொல்கிறது. இதில் நோயாளியின் பேச்சைக் கேட்பதுதான் நடைமுறையில் நழுவிப்போகிறது. குரல் கேட்கிறது என்று சொல்பவருக்கு, எடை கூடினால் பரவாயில்லையா, கை நடுங்கினால் பரவாயில்லையா என்று சொல்லத் தெரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்கு நன்றாகவே தெரியும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. முதல்முறை வருபவர்களுக்கு மருந்து நன்றாகவே பிடிக்கும். 2018-இல் வெளியான ஆப்டிமைஸ் ஆய்வில் 446 பேருக்கு அமிசல்பிரைடு கொடுத்தார்கள். நான்கே வாரத்தில் 56 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கிவிட்டன. அடங்காதவர்களில் பாதிப்பேருக்கு அதே மருந்தைத் தொடர்ந்தார்கள், பாதிப்பேரை ஓலான்சபினுக்கு மாற்றினார்கள். இரண்டு பக்கமும் முடிவு ஒன்றுதான்! மாற்றியதால் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. நான்கு வாரத்தில் பொறுமை இழந்து மருந்தை மாற்றச் சொல்லும் வீட்டாருக்கு இதைவிட உபயோகமான செய்தி இல்லை. அதற்காக, முதல் இரண்டு வாரத்தில் துளிகூட அசைவில்லை என்றால் சும்மா இருக்கவும் கூடாது. மாத்திரை உள்ளே போகிறதா, டோஸ் சரியா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

எவ்வளவு நாள் போட வேண்டும் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதல்முறை குணமானவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இன்னொரு பக்கம், நெதர்லாந்தில் டோஸைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். முதல் 18 மாதத்தில் டோஸ் குறைக்கப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது இரட்டிப்பாக இருந்தது: 43 சதவீதம், தொடர்ந்தவர்களில் 21. ஆனால் ஏழு வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, குறைத்த குழுவில் 40 சதவீதம் பேர் வேலை, உறவு என்று முழுமையாக மீண்டிருந்தார்கள். தொடர்ந்த குழுவில் 18 சதவீதம். 103 பேரை வைத்து எடுத்த கணக்கு என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் பக்கத்தில் இருக்க, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாகிவிட்டது என்று ஒரு திங்கட்கிழமை பட்டென்று நிறுத்துவதற்கு இந்த இரண்டு ஆய்விலும் ஆதரவு இல்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டு, ஓலான்சபினையும் குளோசபினையும் சீக்கிரம் கரைத்துவிடும். புகைப்பவர் திடீரென நிறுத்தினால், அதே மாத்திரை, அதே டோஸ், ரத்தத்தில் மருந்து மட்டும் ஏறும்; தூங்கி வழிவார். இது நிகோடினின் வேலை அல்ல, புகையின் வேலை. நிறுத்துவது நல்லதுதான், நிறுத்தும் வாரத்தில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி குளோசபின். 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்து எடுத்த சிலர் வெள்ளணுக்கள் குறைந்து இறந்துபோக, பல நாடுகளில் ஓரங்கட்டப்பட்டது. 1988-இல் வேறு எந்த மருந்துக்கும் அசையாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். குளோர்புரோமசினில் 4 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, குளோசபினில் 30 சதவீதம் பேருக்கு. நோயைக் குறைப்பதில் மற்றவற்றைவிட மேல் என்று துணிந்து சொல்லக்கூடிய மருந்து இது ஒன்றுதான். விலையாக, தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, எடை, எச்சில் ஒழுகல், மலச்சிக்கல். அதனால் இரண்டு மருந்துகளைச் சரியான டோஸில், ஒவ்வொன்றையும் சுமார் ஆறு வாரமாவது போட்டுப் பார்த்துப் பலனில்லை என்றால்தான் இதற்கு வருவார்கள்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வருடம் கழித்து வேறொரு மருத்துவர் கேட்பார்: முன்பு ரிஸ்பெரிடோன் போட்டீர்களே, பிடிக்கவில்லையா? ‘ஆமாம், அது சரிப்படலை’ என்பார்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று கேட்டால் தெரியாது. இரண்டு மில்லிகிராமில் பத்து நாள் போட்டுவிட்டு, உட்கார முடியவில்லை என்று நிறுத்தியதும் ‘சரிப்படலை’தான், முழு டோஸில் இரண்டு மாதம் போட்டும் குரல் நிற்காததும் ‘சரிப்படலை’தான். முதலாவதைத் தோல்வி என்று எண்ணிவிட்டால் குளோசபினுக்கு அவசரப்பட்டுப் போவார்கள். இரண்டாவதை எண்ணத் தவறினால் வருடக்கணக்கில் தாமதமாகும். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு வையுங்கள்: மருந்தின் பெயர், டோஸ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஏன் நிறுத்தினோம். முதல் மூன்றையும் பழைய சீட்டுகளைத் தேடி எப்படியாவது நிரப்பிவிடலாம். நாலாவதை அன்றைக்கே, அவரிடமே கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும்.